28 லட்சத்துக்குப் பழைய ஆக்டேவியா ஆர்எஸ்ஸா, 23.5 லட்சத்துக்குப் புது விர்டஸா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட்டை வச்சே மொத்த எபிசோடும் ஓடப் போகுது. அவருக்கு வயசு 29, சிறுசேரில வேலை, வீடு தாம்பரம். வீட்ல இருக்கற கார் 12 வருஷப் பழசு. அதைக் கொடுத்துட்டு வேற வாங்கணும். கையில 8 லட்சம் இருக்கு, மிச்சம் லோன்.

அவர் பாத்து வச்சிருக்கறது ரெண்டு கார். ஒண்ணு 2020 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245, செகண்ட் ஹேண்ட், 28 லட்சம் கேக்கறாங்க. இன்னொண்ணு புது ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி, 1.5 டர்போ, டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். ஆன்ரோடு 23.5 லட்சம்னு கொட்டேஷன் கையில இருக்கு. "நாலரை லட்சம் கூடப் போட்டா கிட்டத்தட்ட நூறு குதிரை எக்ஸ்ட்ரா வருது ப்ரோ, இதுல யோசிக்க என்ன இருக்கு?"ன்னு கேக்கறார். நியாயமான கேள்விதான். ஆனா மெசேஜ் முடியற இடத்துல, போற போக்குல இன்னொரு வரி சொல்றார்: அப்பாவை வாரத்துக்கு மூணு நாள் குரோம்பேட்டைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும், அதுக்கும் இந்தக் கார்தான்.

அந்த வரியை மனசுல வச்சுக்கோங்க. இப்ப காருக்குப் போவோம்.

முதல்ல, "இம்போர்ட்டட்"னா என்ன?

நம்ம ஊர்ல ஜெர்மன் பேட்ஜ் இருந்தாலே "ஃபாரின் கார்"னு சொல்லிடுவோம். ஆனா பிஎம்டபிள்யூ 3 சீரீஸ் பெரும்பாலும் நம்ம சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், மஹிந்திரா வேர்ல்ட் சிட்டில இருக்கற பிளான்ட்ல பூட்டப்பட்டு வெளிய வர்ற கார். அந்த பிளான்ட் 2007ல ஆரம்பிச்சது. பாகங்களைப் பிரிச்சுக் கொண்டுவந்து இங்க பூட்டினா அதுக்குப் பேரு சிகேடி. முழுசா கட்டி முடிச்ச காரையே கப்பல்ல இறக்கினா சிபியு. ரெண்டுக்கும் சுங்க வரில பெரிய வித்தியாசம் இருக்கு.

ஆர்எஸ் 245 நிஜமாவே சிபியு. 2020ல இந்தியாவுக்கு வந்தது மொத்தமே 200 கார், ஷோரூம் விலை 35.99 லட்சம். வருஷத்துக்கு 2,500 கார் வரைக்கும் இங்க தனியா சர்டிஃபிகேஷன் டெஸ்ட் எல்லாம் பண்ணாம இறக்கிக்கலாம்னு அரசாங்கம் 2018ல ஒரு தளர்வு கொடுத்தாங்க. அந்தக் கதவு வழியா உள்ள வந்த கார் இது.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. அந்தச் சமயத்துல 40,000 டாலருக்குக் கீழ இருக்கற சிபியு காருக்குச் சுங்க வரி 60% (2023 பட்ஜெட்ல அது 70% ஆச்சு). அதுக்கு மேல ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்த்து 48%. துறைமுகத்துல 100 ரூபாயா இறங்கின கார், முதல் வரில 160 ஆகுது, ரெண்டாவது வரில 237 கிட்டப் போகுது. டீலர் லாபம் இன்னும் இதுல சேரல. அதாவது முதல் ஓனர் கொடுத்த பணத்துல பாதிக்கு மேல வரி. அது போக ரோடு டாக்ஸ் தனியா கட்டியிருப்பார்.

பழைய இம்போர்ட் வாங்கறதுக்கு இருக்கற உண்மையான, பலமான வாதமே இதுதான். வரியோட அடியை இன்னொருத்தர் வாங்கிட்டார். நீங்க வாங்கறப்ப அந்த வரில பெரும் பகுதி கரைஞ்சு போயிருக்கு, கார் மட்டும் மிச்சம். 2.0 லிட்டர் டர்போ, 245 குதிரை, 370 நியூட்டன் மீட்டர், 100 கி.மீ. வேகத்துக்கு 6.6 வினாடி, முன்னாடி ரெண்டு வீலுக்கும் நடுவுல எலக்ட்ரானிக் டிஃபரன்ஷியல். இதை 28 லட்சத்துக்குப் புதுசா இங்க யாரும் விக்கல. விர்டஸ் அதே தூரத்தைத் தொட சுமார் 9 வினாடி எடுத்துக்கும். ஓட்டிப் பாத்தவங்களுக்கு அந்த வித்தியாசம் இடுப்புலயே தெரியும்.

கார் விலை இறங்கும், பம்பர் விலை இறங்காது

சரி, வரி கரைஞ்சு போச்சு. ஆனா நாளைக்கு மேடவாக்கம் சிக்னல்ல ஒரு பைக் வந்து முன் பம்பர்ல இடிச்சா, நீங்க வாங்கப் போற பம்பர் 28 லட்ச ரூபாய் காரோட பம்பர் இல்ல. புதுசா வாங்கினா ஐம்பது லட்சத்தைத் தொடற ஒரு காரோட பம்பர். உதிரி பாகத்துக்குத் தேய்மானம் கிடையாது. அது இன்னைக்குக் கப்பல்ல ஏறி, இன்னைக்கு இருக்கற வரியைக் கட்டித்தான் வரும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் யாரும் எக்ஸெல் ஷீட்ல போடறதே இல்ல.

இதை ஆர்எஸ் விஷயத்துல கொஞ்சம் நிதானமா பிரிச்சுப் பாக்கணும், ஏன்னா எல்லாப் பாகமும் ஒண்ணு இல்ல. இதோட எஞ்சின் ஈஏ888 குடும்பம். அதே குடும்பத்து 2.0 லிட்டர் எஞ்சின் இங்க வித்த சூப்பர்ப், கோடியாக், டிகுவான்ல எல்லாம் இருக்கு. அதனால ஃபில்டர், பிளக், வாட்டர் பம்ப் மாதிரி சமாச்சாரம் கிடைச்சிடும், வேலை தெரிஞ்ச மெக்கானிக்கும் சென்னைல இருக்காங்க. இந்த எஞ்சினுக்குத் தெரிஞ்ச வியாதின்னு பாத்தா ரெண்டு. தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் இருக்கற பிளாஸ்டிக் ஹவுசிங் கசியறது ஒண்ணு. டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சின் எல்லாத்துக்கும் வர்ற மாதிரி, இன்டேக் வால்வுல கார்பன் படியறது இன்னொண்ணு. ரெண்டுமே சரி பண்ணக் கூடியதுதான், பணம்தான் கேக்கும்.

கதவு, கண்ணாடி, உள்ள இருக்கற சுவிட்ச் மாதிரி பல விஷயம் இங்க அவுரங்காபாத்ல பூட்டின சாதா ஆக்டேவியாவோட ஒத்துப் போகும். பிரச்சினை ஆர்எஸ்ஸுக்குன்னே இருக்கற பாகங்கள்ல. பம்பர், பிரேக், சஸ்பென்ஷன், எக்ஸாஸ்ட், அந்த டிஃபரன்ஷியல். நாட்டுலயே 200 கார் இருக்கற மாடலுக்கு எந்த டீலரும் இதையெல்லாம் வாங்கி அடுக்கி வைக்க மாட்டாங்க. ஆர்டர் போட்டுட்டு வாரக்கணக்கா காத்திருக்கணும். அந்த வாரங்கள்ல கார் லிஃப்ட் மேல நிக்கும்.

பேட்ஜைப் பாக்காதீங்க. கார் எங்க பூட்டினாங்கங்கறதைக் கூட விடுங்க. அதோட பம்பர் எங்கேர்ந்து வருதுன்னு கேளுங்க. விர்டஸ் சாகன்ல தயாராகற கார், இந்தியாவுக்குன்னே உள்ளூர்மயமாக்கின பிளாட்ஃபார்ம், அதே பிளாட்ஃபார்ம்ல ஸ்லாவியா, டைகுன், குஷாக்கும் ஓடுது. ஹூண்டாய் வெர்னா டர்போவையும் இந்த லிஸ்ட்ல சேர்க்கலாம்னு நினைக்கறேன். 160 குதிரை, 100க்கு 8.1 வினாடின்னு கம்பெனி சொல்லுது, தயாராகறது நம்ம இருங்காட்டுக்கோட்டைல. நேயர் ஏன் அதை விட்டுட்டார்னு தெரியல. ஒருவேளை முகம் பிடிக்கல போல. அது அவர் இஷ்டம்.

ஒரு இடத்துல மட்டும் பழைய காருக்கு என் ஓட்டு. கியர்பாக்ஸ். ரெண்டுமே 7 ஸ்பீட் டிஎஸ்ஜின்னு போட்டிருந்தாலும் ரெண்டும் வேற வேற பொட்டி. ஆர்எஸ்ல இருக்கறது வெட் கிளட்ச்: கிளட்ச் தட்டு எண்ணெய்க்குள்ள முங்கி இருக்கும், சூடு எண்ணெயோட போயிடும். விர்டஸ்ல இருக்கற டிக்யூ200 டிரை கிளட்ச். லேசு, மைலேஜ் நல்லா வரும், ஆனா அது தாங்கற டார்க் 250 நியூட்டன் மீட்டர். 1.5 டர்போ கொடுக்கறதும் சரியா 250. பல்லாவரத்துலேர்ந்து கிண்டி வரைக்கும் ஊர்ந்து போற டிராஃபிக்ல, பிரேக்கை அரைகுறையா விட்டு விட்டுத் தவழ விட்டீங்கன்னா, அந்தக் கிளட்ச் சூடாகித் தேயும். முன்னாடி இருக்கற கார் ஒரு பத்தடி நகர்ந்த அப்பறம் நகருங்க. வாங்கறப்பவே எக்ஸ்டென்டட் வாரன்ட்டியும் எடுத்துடுங்க. புதுக் காரோட பெரிய சௌகரியம் இதுதான்: கியர்பாக்ஸ் போனா அது கம்பெனி தலைவலி. ஆர்எஸ்ல போனா உங்க தலைவலி.

இஎம்ஐயும் இன்ஷூரன்ஸும்

"நாலரை லட்சம்தானே கூட"ங்கறாரே, அதை இப்ப பாப்போம். புதுக் காருக்கு 15.5 லட்சம் லோன், 9% வட்டி, 5 வருஷம்னா மாசம் 32,175 ரூபாய். பழைய காருக்கு 20 லட்சம் லோன். செகண்ட் ஹேண்டுக்கு வட்டி எப்பவும் அதிகம், 13%னு வச்சுக்கோங்க: மாசம் 45,506. வித்தியாசம் மாசத்துக்கு 13,300 ரூபாய். 60 மாசத்துக்கு 8 லட்சம். அதுல மூணரை லட்சம் வெறும் வட்டி வித்தியாசம். உங்க சிபில் ஸ்கோர், பேங்க் பொறுத்து இது மாறும், ஆனா திசை மாறாது.

புதுக் கார் பக்கமும் ஒரு வெட்டு இருக்கு, அதை மறைக்கக் கூடாது. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்லேர்ந்து 10 முதல் 20 லட்சம் வரைக்கும் 18%, அதுக்கு மேல 20% ரோடு டாக்ஸ். அவர் 23.5 லட்சத்துல மூணு லட்சத்துக்கு மேல அதுக்கே போகுது. டிஎன் நம்பர் பழைய காருக்கு லைஃப் டாக்ஸ் ஏற்கெனவே கட்டியாச்சு, பேர் மாத்தற செலவு மட்டும்தான்.

இன்ஷூரன்ஸ்ல நிறைய பேர் கவனிக்காத இடம் ஒண்ணு சொல்றேன். சாதாரண பாலிசில ரப்பர், பிளாஸ்டிக் பாகத்துக்கு 50% தேய்மானம் கழிச்சுத்தான் கொடுப்பாங்க. பம்பர் பிளாஸ்டிக்தான். அந்தக் கழிவு வராம இருக்கத்தான் ஜீரோ டெப். ஆனா கார் 5 வருஷம் தாண்டிட்டா ஜீரோ டெப் கொடுக்கற கம்பெனிகள் குறைஞ்சிடும், கொடுத்தாலும் விலை ஏறும். எந்தக் காருக்கு ஜீரோ டெப் ரொம்ப அவசியமோ, அதுக்குத்தான் கிடைக்கறது கஷ்டம். அதனால அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடியே அந்தக் கார் நம்பரைப் போட்டு இன்ஷூரன்ஸ் கொட்டேஷன் எடுத்துடுங்க. இலவசம், அஞ்சு நிமிஷ வேலை.

சின்னச் சின்ன செலவும் இருக்கு, சீக்கிரமா சொல்லிடறேன். டயர் 225/40 ஆர்18, நல்ல பிராண்டுன்னா ஒண்ணு 15 ஆயிரம் தாண்டும், நம்ம ஊர் பள்ளத்துல அந்த ஒல்லி சைடுவால் அடிவாங்கும். பெட்ரோல்: 2020ல ஐரோப்பாவுக்குக் கட்டின எஞ்சின் 10% எத்தனால் வரைக்கும் கணக்குப் போட்டது, இப்ப பங்க்ல வர்றது இ20. அது வேண்டாம்னு எத்தனால் கலக்காத 100 ஆக்டேன் போட்டா லிட்டர் 160 ரூபாய் போல ஆகும். 50 லிட்டர் டேங்க்.

அப்படியும் ஆர்எஸ்தான்னு போறவங்க என்ன பாக்கணும்

இந்த மாதிரி காரை வாங்கினவங்க யாரும் சும்மா ஓட்டியிருக்க மாட்டாங்க. ஸ்டேஜ் 1 ரீமேப் போட்டிருப்பாங்கன்னு எடுத்துக்கிட்டே போங்க. ரீமேப்னா எஞ்சின் கம்ப்யூட்டர்ல இருக்கற சாஃப்ட்வேரை மாத்தி டர்போ பிரஷர் ஏத்தறது. நம்ம வேலைல சொல்றதுன்னா, போன டெவலப்பர் ரிவ்யூ இல்லாம நேரா புரொடக்ஷன்ல ஏத்தின கோடு. விக்கறதுக்கு முன்னாடி பழையபடி மாத்தியும் வச்சிருக்கலாம். ஆனா டீலர் சர்வீஸ்ல ஸ்கேன் பண்ணப்ப மாட்டியிருந்தா, கம்பெனி சிஸ்டத்துல டிடி1னு ஒரு குறி விழுந்திருக்கும். அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டர்ல காரைக் காட்டி முழு ஹிஸ்டரி எடுக்கச் சொல்லுங்க. ஓனர் அதுக்கு ஒத்துக்கலைன்னா அங்கயே கிளம்பிடுங்க.

ஆயிரம் ரூபாய் ஓபிடி டாங்கிள் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க. அதுல எரர் இருக்கான்னு மட்டும் பாக்காதீங்க, "ரெடினஸ் மானிட்டர்"னு ஒரு பக்கம் இருக்கும், அதைப் பாருங்க. கார் தனக்குத் தானே பண்ணிக்கற டெஸ்ட் எல்லாம் முடிஞ்சதான்னு அது சொல்லும். எரரை அழிச்சா இந்த டெஸ்ட்டும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கும், முடிய கொஞ்ச நாள் ஓட்டணும். தினமும் ஓடற கார்னு சொல்றாங்க, ஆனா எல்லாம் "முடியவில்லை"ன்னு காட்டுதுன்னா, யாரோ நேத்துதான் துடைச்சிருக்காங்க. பேட்டரி கழட்டினாலும் இப்படி வரலாம், அதனால உடனே சண்டை போட வேண்டாம். ஒரு வாரம் கழிச்சுத் திரும்பப் போய்ப் பாருங்க. கிலோமீட்டர் விஷயத்துக்கு அந்த டாங்கிள் போதாது. விசிடிஎஸ் மாதிரி டூல் வச்சிருக்கறவரைக் கூட்டிட்டுப் போனா, மீட்டர்ல இருக்கற எண்ணையும் மத்த கம்ப்யூட்டர்கள்ல பதிவாகியிருக்கற எண்ணையும் ஒப்பிட்டுப் பாப்பார்.

அப்புறம் வெள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் நினைவிருக்கும். அப்ப தண்ணில நின்ன கார் எல்லாம் எங்க போச்சுன்னு நினைக்கறீங்க? காய வச்சு, கழுவி, வாசனை அடிச்சு மார்க்கெட்டுக்குத்தான் வந்திருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சேறு கோடு இருக்கும். ஸ்பேர் வீல் குழி, சீட்டுக்குக் கீழ இருக்கற போல்ட்ல துரு, கார்ப்பெட்டுக்கு அடில கை வச்சா ஈரம். பழைய இன்ஷூரன்ஸ் கிளைம் விவரமும் கேளுங்க. இவ்வளவு எலக்ட்ரானிக்ஸ் இருக்கற காருக்குள்ள ஒரு தடவை தண்ணி போச்சுன்னா, எது எப்ப கோளாறு காட்டும்னு யாராலயும் சொல்ல முடியாது.

பிஒய் நம்பர் பிளேட்டா இருந்தா இன்னும் ஒரு படி ஜாக்கிரதை. டாக்ஸ் கம்மின்னு பாண்டிச்சேரில பதிஞ்சு சென்னைல ஓட்டின கதை ஊருக்கே தெரியும். வேற மாநில நம்பரோட 12 மாசத்துக்கு மேல இங்க வச்சிருந்தா மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவை மாத்தணும், தமிழ்நாட்டு வரியும் காரோட வயசைப் பொறுத்துக் கட்டணும். என்ஓசி, ஃபாரம் 28. லோன் இருந்த கார்னா பேங்க் கொடுக்கற ஃபாரம் 35. இந்தச் செலவைப் பேரம் பேசறப்பவே விலைல கழிச்சுடுங்க.

நம்ம நேயருக்கு

வாரம் மூணு நாள் டயாலிசிஸ்னா அது தள்ளிப் போடற வேலை இல்ல. டிஃபரன்ஷியல் பாகம் வர மூணு வாரம் ஆகும்னு ஒர்க்ஷாப்ல சொன்னா, அந்த ஒன்பது தடவையும் ஆட்டோவோ கேபோ பாக்கணும், அதுவும் சிகிச்சை முடிஞ்சு அசந்து போயிருக்கற மனுஷரை வச்சுக்கிட்டு. வீட்ல ஒரே கார், மாசம் 45 ஆயிரம் இஎம்ஐ, கையில இருக்கற 8 லட்சமும் டவுன் பேமென்ட்ல போயிடுது. இந்த நிலைமைல ஆர்எஸ் வாங்காதீங்க ப்ரோ. விர்டஸ் எடுங்க, இல்ல வெர்னாவையும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க. ரெண்டுமே குளோபல் என்கேப்ல 5 ஸ்டார், 6 ஏர்பேக். விர்டஸோட அடிப்பாகம் தரையிலேர்ந்து 179 மி.மீ. உயரம், தாம்பரம் உள்தெரு ஸ்பீட் பிரேக்கர்ல வயிறு தட்டாது.

இல்ல, ஆர்எஸ்தான் வேணும்னு மனசு அடிச்சுக்குதுன்னா, ஒரே ஒரு வழி தெரியுது. உங்க 12 வருஷப் பழைய காரை விக்காதீங்க. அதை எக்ஸ்சேஞ்ச்ல போட்டா என்ன பெருசா வந்துடப் போகுது? அது அப்பாவோட ஆஸ்பத்திரி காரா இருக்கட்டும். இன்னும் ஒரு வருஷம் சேத்து வைங்க, லோன் குறையட்டும், ரிப்பேருக்குன்னு மூணு லட்சம் தனி அக்கவுண்ட்ல தொடாம இருக்கட்டும். அப்ப ஆர்எஸ் மூணு வாரம் லிஃப்ட்ல நின்னாலும் வீட்ல யாருக்கும் ஒண்ணும் ஆகாது. 200 கார்தான் இருக்குங்கறதால ஒரு வருஷத்துல விலை பெருசா இறங்கிடும்னு மட்டும் எதிர்பார்க்காதீங்க.

எதை முடிவு பண்ணாலும் டெஸ்ட் டிரைவுக்கு அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. டயாலிசிஸ் இல்லாத நாளா பாத்து. ரெண்டுமே செடான், சீட்டு தாழ்வு. பின் சீட்ல மூணு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்க, மூணாவது தடவை கதவைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கறாரான்னு பாருங்க. பாத்துட்டு எனக்கு இன்னொரு வாய்ஸ் நோட் போடுங்க.